வார்ப்புக் கூடத்துக்குத் தனி அட்டவணை

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய என் நினைவை நான் முழுவதும் நம்புவதில்லை. அக்காவுக்கு அது வேறு மாதிரி நினைவிருக்கிறது. மழை பெய்தது என்கிறாள். எனக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்ததுதான் ஞாபகம். மழையும் வெயிலும் போகட்டும். அன்று அத்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதிலும் அக்காவும் நானும் ஒத்துப்போவதில்லை. இதைப் பற்றி இரண்டு முறைதான் பேசியிருக்கிறோம். இரண்டு முறையும் பாதியில் பேச்சு நின்று, ஒருவர் எழுந்து போக வேண்டியதாயிற்று.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். என் வேலை.

வண்டிகளுக்குப் பேட்டரி செய்யும் கம்பெனி அது. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தகடு வார்க்கும் கூடம் பின்பக்கம். நாங்கள் உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு முன்பக்கம், கீழ்த்தளத்தில். நான் ஓய்வூதிய மேசையைப் பார்த்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு அவர் சாகும்வரை மாதாமாதம் கம்பெனி ஒரு தொகை கொடுக்கும். அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த அன்றே அது கம்பெனியின் கடனாகிவிடுகிறது. அது எவ்வளவு கடன் என்று வருடந்தோறும் மதிப்பிட்டு, ஈடாகத் தனி நிதி ஒன்றில் பணம் போட்டுவர வேண்டும். போட்டதைத் திரும்ப எடுத்துக் கம்பெனி செலவு செய்ய முடியாது. மதிப்பிடுவதென்றால் மூன்று விஷயங்களை ஊகிக்க வேண்டும்: சம்பளம் எப்படி உயரும், நிதியில் கிடக்கும் பணம் என்ன வட்டி ஈட்டும், ஆட்கள் எத்தனை வயதுவரை இருப்பார்கள். முதல் இரண்டையும் மேல் மாடியில் தீர்மானிப்பார்கள். மூன்றாவதற்கான விவரம் என் மேசையிலிருந்து போகும்.

ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் என்னிடம் ஓர் அட்டை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். வராவிட்டால் வீட்டுக்கு ஃபோன் செய்வேன். பாதிப் பேர் மறந்திருப்பார்கள். மற்றவர்கள் வீட்டில் ஒரு பெண்குரல் எடுக்கும். நான் கம்பெனி பெயரைச் சொன்னதும், "அவர் போயிட்டாருங்க" என்று சொல்லும். பிறகு நான் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். சிலர் நேரிலேயே வருவதுண்டு. எழுபது கடந்த ஒருவர் ஒரு தடவை என் மேசை முன்னால் வந்து நின்று, "ஆளே வந்து நிக்கிறேன், அப்புறம் எதுக்குத் தம்பி சான்று?" என்று கேட்டார்.

பக்கத்து அறையிலிருந்து ரவுண்டு சார் குரல் கொடுத்தார். "நீங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியுது பெரியவரே. ஃபைலுக்குத் தெரிய வேண்டாமா?"

ரவுண்டு சார் எங்கள் தலைமைக் கணக்கர். உடம்பும் உருண்டை, எந்த எண்ணைக் கொடுத்தாலும் கடைசி மூன்று இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் பேசுவார். அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. அவர் காதுபடவே சொல்லுவோம். கோபப்பட மாட்டார்.

எங்கள் பிரிவில் ஒரு வார்த்தை புழக்கத்தில் இருந்தது. மதிப்பிட்ட வயதுக்கு முன்னாலேயே ஒருவர் இறந்துவிட்டால், அவருக்காகக் கட்டிவைத்ததில் ஒரு பகுதி மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பேரேட்டில் 'விடுவிப்பு' என்று எழுதுவோம். நாளடைவில் சாவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "இந்த மாசம் எத்தனை விடுவிப்பு?" என்று ரவுண்டு சார் டீயை உறிஞ்சியபடி கேட்பார். "மூணு சார்." "போதாதேப்பா." எல்லோரும் சிரிப்போம். அதில் தப்பாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பதினோரு வருடம் அப்படித்தான் போயிற்று.

பன்னிரண்டாம் வருடம் வட்டி சரிந்தது. வட்டி குறைந்தால் நிதியில் இருக்கும் பணம் தானாக வளர்வது குறையும். அந்தக் குறையைக் கம்பெனி கைக்காசு போட்டு நிரப்ப வேண்டும். மேல் மாடியிலிருந்து ரவுண்டு சாருக்குத் தினமும் அழைப்பு வந்தது. இறங்கி வரும்போது முகம் வெளுத்திருக்கும். கடைசியில், வருடாவருடம் கடிதத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும் கணிப்பாளரை நேரில் வரச் சொன்னார்கள். ஓய்வூதியக் கடனை மதிப்பிட்டுச் சான்று கொடுப்பது அவர் தொழில். ஒல்லியான மனிதர். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண் சிமிட்டாமல் காத்திருப்பார்.

என் பட்டியலை இரண்டு மணி நேரம் பார்த்தார்.

"இவங்கல்லாம் எந்தப் பிரிவுல வேலை பார்த்தாங்கன்னு அட்டையில இருக்கா?"

"இருக்கு சார். உங்களுக்கு அனுப்பறது இல்ல."

"ஏன்?"

"யாரும் கேட்டதில்ல சார்."

"பிரிச்சுக் குடுங்க. செத்தவங்க மட்டும் இல்ல, இருக்கறவங்களையும் சேர்த்து."

மூன்று நாள் ஆயிற்று. அட்டைகளைப் பிரிவுவாரியாக அடுக்கும்போதே தெரிந்துவிட்டது. வார்ப்புக் கூடத்து அட்டைகளில், இறந்துவிட்டார் என்று சிவப்பு மையால் கோடு போட்டவைதான் அதிகம். எண்ணிப் பார்த்ததும் கணிப்பாளர் சொன்னார்: மற்ற பிரிவுகளில் ஓய்வு பெற்றவர்கள் சராசரியாக எழுபத்தைந்துவரை போகிறார்கள். வார்ப்புக் கூடத்து ஆட்கள் அறுபத்துமூன்று.

அறையில் மூவர் இருந்தோம்.  

ரவுண்டு சார்தான் முதலில் பேசினார். "இதை வச்சு என்ன செய்யலாம்?"

"வார்ப்புக் கூடத்துக்குத் தனி அட்டவணை போடலாம். ஆளுங்க எண்ணிக்கை போதுமான அளவு இருக்கு. தணிக்கையில நிக்கும்."

"போட்டா?"

கணிப்பாளர் கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பிவைத்தார். அந்த வருடம் நிதியில் போட வேண்டியதில் ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. கம்பெனியில் பெரிய பிரிவே வார்ப்புக் கூடம்தான். ரவுண்டு சார் அந்த எண்ணைக் கடைசி இலக்கம்வரை வாய்விட்டுப் படித்தார்.

"காரணம் ஏதாவது எழுதணுமா?"

"எனக்குக் காரணம் தேவையில்ல. எத்தனை வயசுங்கறது போதும்."

போகும்போது கணிப்பாளர் என் மேசையருகே நின்றார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அந்தக் கூடத்துல இருக்காங்களா?"

"இல்ல சார்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா புருஷன் இருபத்தாறு வருடமாக அங்கேதான் உலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

தனி அட்டவணை, ஓய்வு பெற்றவர்களோடு இப்போது வேலையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கும் கடன் ஏறிக்கொண்டுதானே வருகிறது. அடுத்த வாரம் வந்த தாள்களில் அத்தானின் வரிசை இருந்தது. பணி எண், வயது ஐம்பத்துநான்கு, ஓய்வுக்கு நான்கு வருடம், ஓய்வுக்குப் பின் கொடுக்க வேண்டிய காலம் ஐந்து வருடம். அதற்குமுன் அந்த இடத்தில் பதினேழு என்று இருக்கும்.

அத்தானுக்கு அப்போதே வலது கை சரியில்லை. மணிக்கட்டு தொங்கும். டம்ளரைப் பிடித்தால் நழுவும். வயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலியும் இருந்தது. தூங்கும்போது கையை மடக்கி வைக்காதீர்கள் என்று கம்பெனி டாக்டர் சொல்லியனுப்பினார். "கைக்கு ரிட்டயர்மென்ட் வந்துடுச்சு மாப்ள, எனக்குத்தான் வரல," என்று அத்தான் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள். கூடத்தை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் கேளுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாற்றல் வாங்கினால், உலை முன் நிற்பதற்காகச் சம்பளத்தோடு தரும் உலைப்படி நின்றுவிடும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான். உலைப்படி போனால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முன்கூட்டியே விலகினாலும் அதே வெட்டு. "நாலே வருஷம்," என்பார் அத்தான்.

அவரோடு ஒரே உலையில் நின்றவர் ஒருவர் இருந்தார். நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடத்தில் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். அவருடைய மனைவி, வேலையால் வந்த நோய் என்று சொல்லித் தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருந்தாள். கம்பெனி கொடுத்த பதிலின் நகல், வக்கீல் செலவைக் கணக்கில் ஏற்றுவதற்காக எங்களிடம் வந்தது. 'வார்ப்புக் கூடத் தொழிலாளர்களின் உடல்நலத்திலும் ஆயுளிலும் மற்ற பிரிவினரோடு ஒப்பிட வேறுபாடு எதுவும் இல்லை' என்று அதில் இருந்தது. தனி அட்டவணையில் கையெழுத்தான அதே மாதம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ரவுண்டு சார் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"இது மேல் மாடி பேப்பர். அது நம்ம பேப்பர். ரெண்டையும் ஒரே கையில புடிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"சார், ரெண்டுல ஒண்ணு பொய்."

"கணக்குல பொய் இல்ல. நீயே எண்ணினது." கண்ணாடியைத் துடைத்தார். "உன் பென்ஷனும் அந்த நிதியிலதான்டா கிடக்கு. உனக்கு எழுபத்தஞ்சு போட்டிருக்கான். நிம்மதியா இரு."

நான் வெளியே வந்து இரண்டு தாள்களையும் இரண்டு அலமாரிகளில் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அக்கா ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். வழக்கமாகச் செய்ய மாட்டாள். "டேய், நெட்டை அண்ணன் போயிட்டாரு," என்றாள். மூச்சு வாங்கினாள். மேசை மேல் திறந்த பேரேடு, கையில் பேனா. என் வாய் தானாகக் கேட்டது.

"விடுவிப்பு என்ன தேதி?"



"என்னது?"

"இல்லக்கா... எப்பப் போனாரு?"

"காலையில," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் சாப்பாடு. அத்தான் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தார். தட்டுகளை எடுத்து வைத்தபின் அக்கா வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஃபோன்ல என்னமோ ஒரு வார்த்தை சொன்ன."

"ஆபீஸ் வார்த்தைக்கா. விடு."

"என்ன அர்த்தம்?"

"கணக்குல வர்றது. உனக்குப் புரியாது."

"பத்து வருஷமா சீட்டுக் கணக்கு எழுதறேன், எனக்குப் புரியாதா? செத்துப் போயிட்டாருன்னு சொன்னா விடுவிப்புங்கற. யாரு யாரை விட்டா?"

அத்தான் சிரித்தார். "சொல்லேன்டா. போலீஸ் மாதிரி கேக்கறா."

சொன்னேன். மிச்சம் என்பதை, தனி அட்டவணை என்பதை, அறுபத்துமூன்றை. சொல்லும்போது மேசையின் மரத்தில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது நாலைந்து முறை இருமிவிட்டு நின்றது.

"இவருக்கும் அதே வயசா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"எனக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

"எதுக்குக்கா..."

"பாதிப் பணம் எனக்குத்தானே? அப்ப என் வயசும் போட்டிருப்பீங்கல்ல?"

"எழுபத்தொம்பது."

அவள் அப்போது நாற்பத்தொன்பது. மனதுக்குள் கூட்டிக் கழிப்பது தெரிந்தது. உதடு அசைந்தது. பிறகு எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். திறந்தவள் அதன் அடியில் எதையும் வைக்கவில்லை.

அத்தான்தான் கேட்டார். கோபமில்லாமல், ஒரு பொருளின் விலையை விசாரிப்பது மாதிரி கேட்டார்.

"சரி மாப்ள. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டுக் கூடத்தை விட்டு வெளிய வந்துடறேன்னு வை. எத்தனை வருஷம் கூடும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு எண் சொன்னால் அதன்படி செய்துவிடுவார் என்று தெரிந்தது. எட்டு வருஷம் கூடும் என்று சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்திருப்பார். பொய்யாகச் சொல்லியிருக்கலாம். பொய்யாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அட்டவணையில் கடைசிவரை கூடத்தில் நின்றவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். நடுவில் வெளியே வந்தவர்களை நான் எண்ணவே இல்லை. கணிப்பாளர் கேட்கவும் இல்லை.

"தெரியல அத்தான். அப்படி வந்தவங்களுக்கு அதுல வரிசையே இல்ல." இதுதான் நான் சொன்னதாக எனக்கு நினைவு.

"இனிமே வெளிய வந்தும் பெருசா ஒண்ணும் கூடாது அத்தான்." அக்கா இதைத்தான் கேட்டதாகச் சொல்கிறாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதும் தெளிவாகக் கேட்டதாம்.

அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. நானும் அந்த வார்த்தைகளைப் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் வாயில் அவை அந்நியமாக இல்லை. நெட்டையின் மனு நடந்துகொண்டிருக்கும்போது அத்தான் திடீரென்று விலகினால், யார் சொன்னது என்று மேல் மாடியில் கேட்பார்கள். நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். அப்போது அதை நினைத்தேனா என்று தெரியாது. பயந்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

அத்தான் அடுத்துச் சொன்னதில் எங்களுக்குள் சந்தேகமே இல்லை.

"அப்ப முழு பென்ஷனையாவது வாங்கிக்கறேன்."

அக்கா குழாயை மூடிவிட்டு வந்தாள். "அந்தத் தாளைக் கொண்டு வா. நெட்டை அண்ணி வக்கீல்கிட்ட குடுப்போம்."

"அவன் வேலை போயிடும்டீ," என்றார் அத்தான்.

"உங்க கை போயிடுச்சு."

"அவனை இதுல இழுக்காத."

கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு கொண்டுபோகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கொண்டுபோகவில்லை. அக்கா ஒவ்வொரு முறையும் என் கைகளைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டாள். நான் வருவதை அவள் நிறுத்தவில்லை. சோறு போட்டாள். அந்தச் சாப்பாட்டை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. மூன்று வருடம் சாப்பிட்டேன். அலமாரியில் தாள் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதில் அத்தானின் வரிசையில் 'ஓய்வுக்கு இன்னும்' என்ற கட்டத்தில் ஒன்று குறைந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஐந்து அப்படியே நின்றது.

மூன்றாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அத்தான் உலைக்கு முன்னால் தடுமாறி விழுந்தார். கரண்டி கைவிட்டு நழுவி, கொதிக்கும் ஈயம் அவர் காலணி மேல் கொட்டியது. கால் தப்பியது. வலது கை அதற்கப்புறம் எழவில்லை. மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு அவரைக் கூடத்திலேயே வாசல் பக்கம் உட்கார வைத்துப் பதிவேடு எழுதச் சொன்னார். உலைப்படி வெட்டுப்படக் கூடாதே என்று. இடது கையால் எழுதினார். அதே ஈயத் தூசுதான் அங்கேயும்.

மறுநாள் நான் தனி அட்டவணையை நகலெடுத்தேன். எல்லோரும் பார்க்கும்படி, பகல் பதினொரு மணிக்கு, ரவுண்டு சார் அறைக்கு எதிரே இருந்த இயந்திரத்தில். ஆறு பக்கம். ரவுண்டு சார் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாடா," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"மூணு வருஷம் யோசிச்சேன் சார்."

நெட்டையின் மனைவி தாள்களை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லவில்லை. தேதியைப் பார்த்தாள். "இது அவர் இருக்கும்போதே உங்ககிட்ட இருந்துச்சா தம்பி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல், அட்டவணை என்பது நிதிக்கான ஊகம்தான், மருத்துவச் சான்று ஆகாது என்று வாதாடினார். கணிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, காரணம் என் துறை இல்லை, எண்ணிக்கை சரி என்று மட்டும் சொன்னார். தீர்ப்பு வருமுன் கம்பெனி சமரசம் பேசியது. நெட்டையின் மனைவி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, இனி இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருடக் கணக்கில் தனி அட்டவணையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பழையபடி ஒரே அட்டவணை போட்டார்கள். கடன் ஏறியது. அதைக் காரணம் காட்டி, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, மாதம் ஒரு தொகையை அவரவர் பெயரில் போட்டுவிடுவோம், அதோடு சரி என்று மாற்றினார்கள். அவர்கள் எத்தனை வயதுவரை இருக்கிறார்கள் என்று இப்போது அங்கே யாரும் எண்ணுவதில்லை.

என்னை வேலையைவிட்டு நீக்கினார்கள். நான் கட்டிய பங்கு மட்டும் திரும்பக் கிடைத்தது. ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரவுண்டு சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு இப்போது அறுபத்தாறு, நன்றாக இருக்கிறார். கணிப்பாளர் வேறு கம்பெனிகளுக்குக் கணித்துக் கொடுக்கிறார். அத்தான் ஐம்பத்தெட்டில் முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். அறுபது வயதும் நான்கு மாதமும் ஆனபோது இறந்தார். அக்காவுக்குப் பாதி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவதில்லை. வார்ப்புக் கூடம் மூன்று ஷிப்டும் ஓடுகிறது.